பன்றியின் பங்கு

அமெரிக்காவில், மிச்சிகன் ஏரிக்கரையில், விஸ்கான்ஸின் ராஜ்யத்தைச் சேர்ந்த ரஸீன் என்னும் ஊரிலே ஜான் ஹாம்ஸ் என்று ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார். அவருடைய மனைவி இரவுச் சாப்பாடு முடிந்ததும் எச்சில் மிச்சங்களைப் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டுவாளாம், அவர் பார்த்துக்கொண்டிருப்பாராம். கணவன்மார் பார்த்துக்கொண்டிருப்பது எல்லாத் தேசத்துக்கும் பொதுவான வழக்கம் போலும்! ஆனால் இவர் பார்த்ததோடு நிற்கவில்லை. அந்தப் பொட்டலமே வேண்டியதில்லாமல் செய்துவிட்டால் என்ன என்று யோசித்து, 1927-இல் வீட்டின் நிலவறையில் பட்டறை போட்டு உட்கார்ந்தார். 1933-இல் காப்புரிமைக்கு மனுப் போட்டார், 1935-இல் கிடைத்தது. 1938-இல் கம்பெனி தொடங்கினார். சமையலறைக் குப்பையை ஒழிப்பதற்குப் பதினோரு வருஷத் தவம்!

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தொங்கும் அந்த யந்திரத்தின் உள்ளே கத்திகள் சுழல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். கத்தியே கிடையாது. மூன்றில் ஒரு பங்கு குதிரைச் சக்தியிலிருந்து ஒரு குதிரைச் சக்தி வரையில் உள்ள ஒரு மோட்டார். அது சுழற்றும் ஒரு வட்டத் தட்டு. தட்டின் மேல் இங்குமங்கும் ஆடும் இரண்டு இரும்புத் துண்டுகள். தட்டு சுழலும் வேகத்தில் எச்சம் ஓரத்துக்கு வீசப்பட்டு, அங்கே அசையாமல் நிற்கும் பல் வளையத்தில் உரசிக் கூழாகிறது. குழாய்த் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. தேங்காய்த் துருவியில் தேங்காயைச் சுழற்றுகிறோம், பல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் விஷயம் விளங்கிவிடும். நார் மிகுந்த பண்டம்தான் இதற்குப் பரம சத்துரு, சுற்றிக்கொண்டு விடாது.

பழையதைக் கழற்றிப் புதியது மாட்டுவது அந்த நாட்டில் சனிக்கிழமைப் பிற்பகல் வேலை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வடிகுழாயைக் கழற்றி, தொட்டியின் அடியில் உள்ள வளையத்தைத் திருகினால் யந்திரம் முழுவதுமாகக் கையில் வந்துவிடும். நல்ல கனம். மல்லாந்து படுத்துக்கொண்டு அதைத் தூக்கிப் பிடிப்பதுதான் உண்மையான சிரமம். மற்றதெல்லாம் திருப்புளி சாமர்த்தியம்.

இவ்வளவும் வீட்டுக்குள் நடந்த கதை. இந்த யந்திரம் ஊர்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, பன்றியிடம் போகவேண்டும்.

நம் வீடுகளில் கழுநீர்ப் பானை மாட்டுக்கு என்றால், அமெரிக்க நகரங்களில் எச்சில் வாளி பன்றிக்கு. ஓட்டல்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் வண்டி வண்டியாக வாரிக்கொண்டு போய்ப் பட்டியில் கொட்டுவார்கள். செலவில்லாத தீனி, சுத்தமாகும் நகரம். ஆனால் அந்த வாளியில் வேகாத பன்றி மாமிசத் துணுக்கும் இருக்கும். இறந்த பன்றியின் நோயை உயிருள்ள பன்றிக்கு ஊட்டும் ஏற்பாடு அது. மனிதனுக்கும் பங்கு உண்டு. சரியாக வேகாத மாமிசத்தின் வழியே நுண்ணிய புழுக்கள் அவன் தசைகளில் குடியேறின.

கலிபோர்னியாவில் 1932-இல் பன்றிகளுக்கு ஒரு கொப்புள நோய் கண்டது. மூக்கிலும் குளம்பின் ஓரத்திலும் கொப்புளம். நடக்க முடியாமல் படுத்துவிடும். கோமாரி என்றே முதலில் அஞ்சினார்கள். இருபது வருஷம் அந்த ஒரு ராஜ்யத்திலேயே அது அடங்கிக் கிடந்தது. 1952-இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த ரயிலின் சமையலறை மிச்சத்தை வயோமிங் ராஜ்யத்தில் ஷையன் என்னும் ஊரில் இறக்கிப் பன்றிகளுக்குப் போட்டார்கள். அவ்வளவுதான். 40-க்கு மேற்பட்ட ராஜ்யங்களுக்கு நோய் பரவிவிட்டது. எச்சிலை வேகவைத்த பிறகே தீனியாகப் போடவேண்டும் என்று ஒன்றன் பின் ஒன்றாகச் சட்டங்கள் பிறந்தன. 1956-க்குப் பிறகு நோய் தலைகாட்டவில்லை. 1959-இல் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அதே இனக் கிருமியைப் பின்னால், 1972-இல், கலிபோர்னியக் கடற்கரைத் தீவின் கடற்சிங்கங்களிடம் கண்டபோதுதான் அதன் பூர்வீகம் கடல் என்ற எண்ணம் பிறந்தது.

இந்தக் கொப்புள நோய் பரவுவதற்கு முன்பே, இந்தியானா ராஜ்யத்தில் ஜாஸ்பர் என்னும் சின்னஞ்சிறு ஊர் விழித்துக்கொண்டுவிட்டது. ஜனத்தொகை சுமார் 5,000. சுற்றிலும் பன்றி வளர்க்கும் விவசாயிகள். பன்றிக் காலரா என்ற வேறொரு நோயின் பயம் அவர்களை ஆட்டிக்கொண்டிருந்தது. நகரசபை ஒரு முடிவுக்கு வந்தது: எச்சில் வண்டியே வேண்டாம், வீட்டுக்கு வீடு அரைக்கும் யந்திரம் மாட்டுவோம். மொத்தமாக வாங்கியதில் விலையும் குறைந்தது. 1950-இல் வண்டி நின்றது. ஓர் ஊர் முழுவதும் சேர்ந்து தன் எச்சிலைச் சாக்கடைக்கு மாற்றியது அதுதான் முதல் தடவை. பன்றியின் பங்கு அன்றோடு போயிற்று. ஆனால் எச்சில் மறைந்துவிடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். வண்டிக்காரன் சுமந்ததைத் தண்ணீர் சுமந்தது. சுத்திகரிப்பு நிலையம் அதை வாங்கிக்கொண்டது.

வாங்கிக்கொள்ள முடியாத ஊரும் உண்டு. நியூயார்க் நகரத்தின் பெரும் பகுதியில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே சாக்கடை. பெருமழை பெய்தால் இரண்டும் கலந்து பொங்கி, சுத்தம் செய்யப்படாமலே ஆற்றிலும் துறைமுகத்திலும் விழும். அதில் அரைத்த எச்சிலையும் சேர்ப்பதா என்று 1970-களில் அந்தப் பகுதிகளில் யந்திரத்துக்குத் தடை போட்டார்கள். பிறகு 21 மாதங்கள் சில கட்டடங்களில் மட்டும் மாட்டிப் பார்த்து, பயந்த அளவுக்குக் கெடுதல் இல்லை என்று கண்டு, 1997-இல் தடையை எடுத்தார்கள். இவ்வளவு பொறுமையாகச் சோதித்துவிட்டுச் சட்டத்தை மாற்றிய நகரசபையை நான் பாராட்டவே செய்வேன்.

வட கரோலினா ராஜ்யத்தின் தலைநகரான ராலே அந்தப் பொறுமையைக் காட்டவில்லை. சாக்கடைக் குழாய்களில் கொழுப்பு உறைந்து அடைக்கிறது என்று சொல்லி, 2008-இல் புதிதாக யந்திரம் மாட்டக் கூடாது, பழுதானதை மாற்றவும் கூடாது என்று உத்தரவிட்டார்கள். ஊரே எழுந்து கூச்சல் போட்டது. சில வாரங்களிலேயே உத்தரவை ரத்து செய்ய நேர்ந்தது. குழாயை அடைத்தது கொழுப்பு; வாணலியிலிருந்து நேரே தொட்டியில் ஊற்றும் கொழுப்புக்கு யந்திரத்தின் தயவு எதற்கு?