பழி யாருடையது? கெடா தோட்டத் தமிழரிடையே தன்குற்ற நோக்கின் வரலாறு

1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கெடா தோட்டங்களில் நடந்த கள்ளுக்கடை எதிர்ப்பைத் தொழிற்சங்க வரலாறுகள் வேலைநிறுத்தங்களுக்கு முன்னோட்டமாகவே எழுதி வந்திருக்கின்றன. காலனிய அரசுக்கு அது வெறும் சட்டம் ஒழுங்குச் சிக்கல். இரண்டு பார்வையிலும் ஒன்று விடுபட்டுப்போகிறது. துரையையும் கிராணியையும் கங்காணியையும் நோக்கிக் கைநீட்ட எத்தனையோ காரணங்கள் இருந்த மக்கள், முதலில் தங்கள் குடியைத் தாங்களே விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள். ‘நம் பிழை’ என்ற பேச்சு அந்தத் தோட்டங்களில் யார் வாயிலிருந்து, எந்தக் காலத்தில், யாரை நோக்கி வந்தது என்று தேடுவதே இக்கட்டுரையின் வேலை.

இதற்கு யூத மரபைத் துணைக்கு அழைக்கக் காரணம் உண்டு. அயலார் குற்றத்தைக் காண்பதுபோல் தன் குற்றத்தையும் காண வேண்டும் என்பது தமிழருக்குப் புதிதல்ல; குறளின் புறங்கூறாமை அதிகாரம் அந்தக் கருத்தோடுதான் முடிகிறது. ஆனால் அது தனி மனிதனுக்குச் சொன்னது. பிறர் கையால் அடிபட்ட ஒரு சமூகம் கூட்டாகத் தன்னை விசாரிக்கலாமா, விசாரித்தால் அடித்தவனுக்கு அது விடுதலைப் பத்திரம் ஆகிவிடாதா என்ற கேள்வியை நூற்றாண்டுக் கணக்கில் சுமந்து வந்தவர்கள் யூதர்கள். கெடாவுக்கு எதிர்க்கரையான பினாங்கில் அவர்களுடைய பழைய கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. அதை ஒட்டிய தெரு நெடுங்காலம் யாஹுடி சாலை என்றே வழங்கியது. தோட்டத் தமிழருக்கும் அவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் எதையும் நான் கற்பிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல், அவ்வளவே.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தை எரித்தது உரோமப் படை. அதை மறைத்தவர் யாருமில்லை. ஆனாலும் தால்முது அறிஞர்கள் அழிவுக்குக் காரணம் தேடும்போது தங்கள் மக்களுக்குள் நிலவிய காரணமற்ற பகையைச் சுட்டினார்கள். அதற்கு ஒரு கதையும் சொன்னார்கள். ஒரு செல்வன் தன் நண்பனுக்கு அனுப்பிய அழைப்பு, தவறுதலாக அவனுடைய பகைவனுக்குப் போய்விடுகிறது. விருந்துக்கு வந்தவனை எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்தி வெளியேற்றுகிறான் செல்வன். அங்கே உட்கார்ந்திருந்த கற்றோர் வாய் திறக்கவில்லை. வெளியேற்றப்பட்டவன் நேரே உரோம ஆட்சியாளரிடம் போகிறான். இந்தக் கதையில் அறிஞர்கள் தங்கள் சொந்த வகுப்பையே, பேசாமல் இருந்த கற்றோரையே, கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். ஏழைகளின் ஒழுக்கக் குறைவு என்று அவர்கள் எளிதாக எழுதிவிட்டுப் போயிருக்கலாம், எழுதவில்லை.

அதே தால்முதில் எலியாசர் பென் துர்தியா என்ற காமுகனின் கதையும் வருகிறது. மனம் திரும்பிய அவன் மலைகளிடமும் வானத்திடமும் பூமியிடமும் சூரிய சந்திரரிடமும் தனக்காகப் பரிந்து பேசும்படி கெஞ்சுகிறான். எல்லாமே கைவிரிக்கின்றன. கடைசியில், இது தன்னைத் தவிர வேறு யாரிடமும் இல்லை என்று உணர்ந்து முழங்கால்களுக்கிடையில் தலையை வைத்து அழுதே உயிர்விடுகிறான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிதஸ் இந்த உணர்வை நடைமுறை விதிகளாக்கினார். குற்றத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதிகொள்ள வேண்டும், அதே சூழ்நிலை மறுபடி அமையும்போது விலகி நிற்பவனே முழுமையாகத் திரும்பியவன். அடுத்தவனுக்குச் செய்த தீங்கு, அவனிடமே போய்ச் சமாதானம் பெறாதவரை பாவநிவாரண நாளாலும் தீராது என்பது மிஷ்னாவின் விதி. அந்த நாளில் சபை ஒன்றாக நின்று அறிக்கையிடும்போது பன்மையில்தான் சொல்லும். சொல்கிறவர்களில் யாரும் அந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

இந்த மரபு ஓர் இடத்தில் முட்டி நின்றது. அறுபது லட்சம் யூதர்கள் ஐரோப்பாவில் கொல்லப்பட்ட பிறகு, ‘நம் பாவங்களால்தான்’ என்ற பழைய விளக்கத்தை எலியேசர் பெர்கோவிட்ஸ் போன்ற சமயச் சிந்தனையாளர்கள் ஏற்க மறுத்தார்கள். தன்னை விசாரிப்பதற்கும் கொலைகாரனின் வாதத்தைத் தானே எடுத்துச் சொல்வதற்கும் இடையே கோடு போட வேண்டியிருந்தது. கெடாவின் கதையை அந்தக் கோட்டை மறக்காமல் படிக்க வேண்டும்.

1909இல் சயாமுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷ் செல்வாக்குக்குள் வந்தது. கூலிம், சுங்கைப்பட்டாணி, பீடோங் சுற்றுவட்டாரங்களில் காடு அழிந்து கித்தாக் காடு எழுந்தது. கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் கட்டி வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பகுதியினர் ஊரில் நிலமில்லாதவர்கள், சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள். தோட்டத்தில் அவர்களுக்கு லயம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம், ஒரு கோயில், ஒரு பள்ளி, ஒரு கள்ளுக்கடை. மாலையில் அந்தக் கடைக்குப் போகாமல் இருப்பதற்குத்தான் தனி முயற்சி வேண்டியிருந்தது.

‘தமிழன் குடிகாரன், சோம்பேறி, சொன்னதைக் கேட்பான்’ என்ற சித்திரத்தைத் தோட்டத் துரைமார் கேட்பாரெல்லாரிடமும் வரைந்து காட்டினார்கள். கூலியை உயர்த்தினால் கள்ளுக்குத்தானே போகும் என்பது அவர்கள் வாதம். கள்ளுக்கடையோ உரிமத்தோடு தோட்டத்துக்குள்ளேயே நடந்தது. அதை மூடச் சொன்னால் பேச்சு மாறும்: கள் சத்துள்ளது, மூடினால் மலிவுச் சாராயமான சம்சுவுக்குப் போவார்கள். கடை லாபத்தில் ஒரு பங்கு தொழிலாளர் நலனுக்கே திரும்புகிறது என்றும் சொன்னார்கள். விற்பவனே குடிப்பவனைக் குற்றம் சொன்னான். இப்படி அடுத்தவன் பிழையைப் பேசும் பேச்சு, பேசுகிறவனின் பொறுப்பை மூடவே பயன்பட்டது. யூத மரபு கோடு போட்டு விலக்கியது இந்த வகைப் பேச்சைத்தான்.

அடுத்த குரல் தமிழருக்குள்ளிருந்து வந்தது. 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கிய பெரியார் மலாயாவெங்கும் பேசினார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, கோ. சாரங்கபாணி 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கினார். சாதி வேற்றுமை, ஆடம்பரத் திருமணம், சடங்குச் செலவு, குடி என்று சீர்திருத்தக்காரர்கள் தங்கள் சமூகத்தையே தாக்கினார்கள். சாதியைப் பற்றிய அவர்கள் கேள்விக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுப்பேன். எருசலேம் விருந்துக் கதையைப் போலவே அங்கேதான் கற்றோரும் வசதி படைத்தோரும் கூண்டில் ஏறினார்கள். குடியைப் பற்றிப் பேசும்போது நிலைமை வேறு. பட்டணத்துக் கடைக்காரரும் ஆசிரியரும் குமாஸ்தாவும் மேடையில் நிற்க, கீழே நின்ற பால்மரம் வெட்டுகிறவருக்கு அது பெரும்பாலும் அறிவுரையாகவே போய்ச் சேர்ந்தது. 1936இல் உருவான மலாயா இந்தியர் மத்திய சங்கமும் கள்ளை எதிர்த்தது. அதன் தலைவர்களும் படித்த வகுப்பினர்தான்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் இந்த நிலையை அசைத்தது. ஆர். எச். நாதன் முன்னணியில் நின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, துரை எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தின் நீக்கம் ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் இருந்தது. நம் பலவீனமும் அவர்கள் அநீதியும் ஒரே தாளில் வந்தன. படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர்கள் மாண்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அதே ஆண்டு இறுதியில் ஜப்பானியர் வந்தார்கள். 1943இல் கெடாவைத் தாய்லாந்திடம் ஒப்படைத்தார்கள். சயாம்–பர்மா ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பவே இல்லை. மறுபுறம் இந்திய தேசிய இராணுவம். துரையைக் கண்டால் ஒதுங்கி நின்ற இளைஞர்கள் அங்கே அணிவகுத்து நடக்கவும் மேடையேறிப் பேசவும் பழகினார்கள். வெள்ளைக்காரன் ஓடியதையும் கண்ணால் பார்த்திருந்தார்கள். 1945இல் துரைமார் திரும்பி வந்து பழைய கணக்கை விட்ட இடத்திலிருந்து தொடரப் பார்த்தபோது எதிரே நின்றவர்கள் பழைய ஆட்கள் அல்லர்.

பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு, ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்த சூழல் இது. தொண்டர் படையினர் சீருடை அணிந்தார்கள், பயிற்சி எடுத்தார்கள், தோட்டம் தோட்டமாகப் போய்க் கள்ளை விடச் சொன்னார்கள். கள்ளுக்கடை வாசலில் மறியல் நடந்தது. குடியோடு லயத்துச் சண்டை, துப்புரவு, பிள்ளைகளின் படிப்பு என்று விசாரணை விரிந்தது. அறிவுரை சொன்னவர் பக்கத்து லயத்துக்காரர். அதே பிரட்டில் நிற்பவர், அதே மங்குகளில் பால் எடுப்பவர். முப்பதுகளின் மேடைப் பேச்சுக்கும் இதற்கும் உள்ள தூரம் அவ்வளவு.

நிர்வாகத்தின் எதிர்வினைதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. குடியால் வேலை கெடுகிறது என்று காலமெல்லாம் குறை சொன்ன துரைமார், தொழிலாளர் தாமாகக் குடியை விட்டபோது மகிழவில்லை, அஞ்சினார்கள். அவர்கள் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. கடை வாசலில் நின்று ஒருவன் ‘இது நம் குற்றம்’ என்று சொன்ன மறுகணமே, அந்தக் கடை யாருடையது, அதை இங்கே வைத்தது யார் என்ற கேள்வி தானாக வந்துவிடுகிறது. தன் பங்கை ஒப்புக்கொண்டவன் மற்றவன் பங்கைக் கேட்கும் தகுதி பெறுகிறான். கள்ளில் தொடங்கிய இயக்கம் கூலிக்கும் சங்கத்துக்கும் நகர அதிக காலம் பிடிக்கவில்லை.

1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் போலீசாருக்கும் மதுவிலக்குக் கூட்டத்தாருக்கும் மோதல் ஏற்பட்டது. மார்ச் தொடக்கத்தில் டப்ளின் தோட்டத்தில் போலீசார் சுட்டதில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். தொடர்ந்து கைதுகள், சிறைத்தண்டனைகள், வேலை நீக்கங்கள். கள்ளை விட்டதற்காகச் சிறைக்குப் போன கூட்டம் என்று இவர்களைச் சொன்னால் மிகைதான், ஆனால் பொய்யல்ல.

இயக்கத்தின் மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும். தொண்டர் படையினர் தாமே மன்றம் வைத்து விசாரித்தார்கள், குடித்தவர்களைக் கட்டாயப்படுத்தித் தண்டித்தார்கள் என்று தோட்ட நிர்வாகங்கள் குற்றம் சாட்டின. நிர்வாகத்துக்கு மிகைப்படுத்தும் தேவை இருந்தது என்பதற்காக இதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. சீருடை போட்டவுடன் தன் குற்றத்தைப் பார்க்கும் கண் அடுத்தவன் குற்றத்தின் பக்கம் திரும்புவது எந்தச் சீர்திருத்த இயக்கத்துக்கும் நேரக்கூடியது. மைமோனிதஸின் விதியில் அறிக்கையிடுகிறவன் தன் வாயால் தன்னைச் சொல்கிறான்; அடுத்தவன் வாயைப் பிளந்து சொல்ல வைப்பதற்கு அங்கே இடமில்லை. தொண்டர் படை அந்த எல்லையை எப்போதும் காத்தது என்று சொல்லத் துணிய மாட்டேன்.

1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தது. இடதுசாரித் தொழிற்சங்கங்கள் நொறுங்கின. தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். கூட்டாக நின்று தன்னை விசாரிக்கும் வெளியும் அதோடு சுருங்கியது. கள்ளுக்கடைகள் பிழைத்துக்கொண்டன.

ஐம்பதுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது பழைய கேள்வி வேறு உருவில் வந்தது. வேலையும் வீடும் ஒரே நாளில் போகும் நிலை. பழி சொல்ல ஆள் தெளிவாக இருந்தார்கள். மலாயா இந்தியக் காங்கிரஸ் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி சேமித்து நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அது முதன்முதலாக வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். இதை நான் தன்குற்ற நோக்கின் வரிசையில் வைப்பதைச் சிலர் ஏற்கமாட்டார்கள். ஆனால் ‘அதே சூழ்நிலை மறுபடி வரும்போது’ என்ற மைமோனிதஸின் சோதனையை நினைத்தால் பொருத்தம் தெரியும். இரண்டு தலைமுறை உழைத்தும் நிலம் சேர்க்காமல் இருந்ததில் தம் பங்கு என்ன என்று தொழிலாளர் யோசித்தார்கள். விற்றவன் மேல் இருந்த கோபத்தை அதற்காக விட்டுவிடவுமில்லை. அரசியல் அடிப்படையில் தொண்டர் படைக்கும் சம்பந்தனுக்கும் பெரிய இடைவெளி உண்டு. பொறுப்பை ஏற்றுக்கொண்ட விதம் மட்டும் உறவு காட்டுகிறது.

1981இல் லூனாஸ் வட்டாரத்தில் நச்சுச் சம்சு குடித்துப் பலர் மடிந்தார்கள். கள்ளை மூடினால் சம்சுவுக்குப் போவார்கள் என்று துரைமார் சொன்னது பலித்துவிட்டது என்று யாராவது இதைப் படித்தால் அது வரலாறு ஆகாது. கள்ளுக்கும் சம்சுவுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றை லயத்து மனிதனுக்குத் திறந்துவிட யாரும் அக்கறைப்படவில்லை. குடித்தவர்கள் பங்கும் அதில் உண்டு, விற்றவர்கள் பங்கும் உண்டு. விற்றவர்களில் நம்மவர்கள் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அந்தச் சாவுகளைப் பின்புலமாகக் கொண்டு லூனாஸைச் சேர்ந்த ம. நவீன் எழுதிய ‘பேய்ச்சி’ நாவல் 2019இல் வெளிவந்தது. மலேசியத் தமிழரிடையே அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. நாவலில் வரும் வசைச்சொற்களே பெரும் விவாதப் பொருளாயின. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு நூலைத் தடை செய்தது. நாவலின் கலைமதிப்பு பற்றி வாசகர்கள் மாறுபடலாம். நான் அதற்குள் போகவில்லை. 1947இல் தன் குடியைப் பற்றிப் பேசிய பீடோங் தொழிலாளியின் வாயை அடைத்தது துரையின் போலீஸ். 2020இல் தடைக்கு வழி போட்டது, சமூகத்தின் மானம் போகிறது என்று பதறிய நம் குரல்களும்தான்.