மின்சார ரயில் என்னும் பெயர்

எங்கள் பனவடலிசத்திரத்தில் ரயிலடி கிடையாது. சங்கரன்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏறிப் போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டும். சங்கரன்கோவில் வழியாகச் சென்னை போகும் பொதிகை எக்ஸ்பிரஸை இன்று மின்சார எஞ்சின்தான் இழுக்கிறது. ஆனாலும் அதை யாரும் மின்சார ரயில் என்று சொல்வதில்லை. மின்சார ரயில் என்றால் சென்னையில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் ஓடுவது. எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டிய பெயர் ஒரு வண்டியோடு மட்டும் எப்படி ஒட்டிக்கொண்டது?

ரயில் என்ற சொல்லே இடம் மாறி வந்ததுதான். ஆங்கிலத்தில் அது கீழே கிடக்கும் இரும்பைக் குறிக்கும். நாம் இரும்புக்குத் தண்டவாளம் என்று பேர் வைத்துக்கொண்டு, ரயிலை வண்டிக்குக் கொடுத்துவிட்டோம். அந்த வண்டி வெகுகாலம் புகைவண்டியாகவே இருந்தது. மெட்ராஸில் மின்சாரத்தில் முதலில் ஓடியது டிராம், 1895இல். 1953இல் அது நின்றபின் அந்தச் சொல்லும் புழக்கத்திலிருந்து போய்விட்டது.

அமெரிக்காவிலோ டிராம் ஊர் எல்லையைத் தாண்டி அடுத்த ஊர்வரை நீண்டது. அந்த ஊரிடை வண்டிக்கு இன்டர்அர்பன் என்று பெயர். மோட்டார் கார் பெருகி அதன் பயணிகளைப் பறித்தபோது, கம்பெனிகள் வண்டியின் எடையைக் குறைத்து வேகத்தைக் கூட்டின. 1930இல் சின்சினாட்டியில் கட்டிய ரெட் டெவில் வண்டியை விமானத்தோடு பந்தயம் விட்டுப் படமெடுத்துக் காட்டினார்கள். மறு ஆண்டு பிலடெல்பியா அருகே அலுமினிய உடம்போடு பிரில் கம்பெனியின் புல்லட் ஓடியது. புல்லட் ரயில் என்று நாம் சொல்லும் ஜப்பானின் ஷின்கான்சென் வந்தது 1964இல்தான். அதற்கு முன்பே புல்லட் என்ற பேரைச் சுமந்த இந்தச் சிறு வண்டிகளை இன்று அதிகம் பேர் நினைப்பதில்லை. அது எனக்கு வருத்தமே.

அதே 1931இல்தான் தென்னிந்திய ரயில்வே கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார வண்டி விட்டது. பம்பாய் 1925லேயே முந்திக்கொண்டிருந்தது. தாம்பரம் வண்டிக்கு முன்னால் தனி எஞ்சின் கிடையாது. மோட்டார்கள் பெட்டிக்கு அடியிலேயே இருக்கும். சட்டென்று வேகம் எடுக்கும், கிட்டக்கிட்ட இருக்கும் நிலையங்களில் நின்று நின்று போகும். கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலை இல்லை. ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்து போனால் வண்டி திரும்பிவிடும். அதனால்தான் அடுத்தடுத்து விட முடிந்தது. மற்ற ரயில்களெல்லாம் கரியில் ஓடிய காலத்தில், இதை மட்டும் பிரித்துச் சொல்ல மின்சார ரயில் என்ற பெயர் போதுமானதாக இருந்தது.

பிறகு மின்கம்பி பெரும்பாலான பாதைகளுக்கும் வந்தது. பெயர் மட்டும் பரவவில்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை 2018இல் கட்டிய வந்தே பாரத்துக்கும் தனி எஞ்சின் கிடையாது. அதையும் யாரும் மின்சார ரயில் என்பதில்லை. ஆகவே மக்கள் அந்தச் சொல்லில் வைத்திருப்பது மின்சாரத்தையோ மோட்டாரையோ அல்ல என்பது என் முடிவு. ஒன்று போனால் அடுத்தது வரும், சாதாரண டிக்கெட்டில் ஏறலாம் என்ற நம்பிக்கையைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நெடுந்தொலைவுப் பாதைகளில் அந்த வேலைக்கு வந்ததுதான் மெமு என்னும் தனி எஞ்சின் இல்லாத மின்சார வண்டி. விருதுநகர்–தென்காசி பாதையில் கம்பி இருக்கிறது. மணிக்கொரு மெமு விட்டு, பனவடலிசத்திரம் பஸ்ஸையும் அதன் நேரத்துக்கு ஒத்து வைத்தால், மின்சார ரயில் என்ற சொல் எங்கள் பக்கத்துக்கும் சொந்தமாகும். ரயில்வே அதைச் செய்ய வேண்டும்.