குடலையும் இலையும்: பூவிருந்தவல்லி வட்டாரத்தின் கோயில், உணவு, சந்தை

சென்னைக்கு மேற்கே, காஞ்சிபுரம் நோக்கிச் செல்லும் நெடுவழியில் அமைந்தது பூவிருந்தவல்லி. பேச்சு வழக்கில் இப்பெயர் பூந்தமல்லி எனச் சுருங்கிவிட்டது. அதனைச் சூழ்ந்து திருமழிசை, திருவேற்காடு, மாங்காடு, குன்றத்தூர் ஆகிய பழைய ஊர்கள் உள்ளன. இவ்வட்டாரத்தின் வரலாறு பெரும்பாலும் தலவரலாறாகவோ சென்னை நகர வளர்ச்சியின் பின்னிணைப்பாகவோ எழுதப்பட்டுவந்துள்ளது. எனினும் இவ்வூர்களைப் பற்றிய சமயக் கதைகளையும் வருவாய்க் கணக்குகளையும் ஒருசேரப் படிக்கும்போது இரண்டிலும் ஒரே வினா திரும்பத் திரும்ப எழுவதைக் காணலாம்: விளைந்தது யாருக்குச் செல்கிறது, அதை யார் யாரோடு உண்கிறார்?

திருக்கச்சி நம்பிகள்

வைணவக் குருபரம்பரை மரபின்படி பூவிருந்தவல்லி திருக்கச்சி நம்பிகளின் பிறப்பிடமாகும். இங்குள்ள வரதராசப் பெருமாள் கோயிலில் அவருக்குத் தனிச் சன்னிதி உண்டு. தாயாரின் பெயர் புஷ்பவல்லி. மாசி மாத மிருகசீரிடம் அவருடைய திருநட்சத்திரம். அவர் தம் நந்தவனத்தில் பூப்பறித்துத் தொடுத்து நாள்தோறும் காஞ்சிக்குக் கொண்டு சென்றார் எனவும், வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு புரிந்தார் எனவும் மரபு கூறும். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு உள்ளது. பூ வாடுமுன் ஒருவர் அத்தனை தொலைவை நாள்தோறும் நடந்து கடந்திருப்பார் என்பதை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ள இயலாது. ஆயினும் பூவிருந்தவல்லியில் விளைந்தது காஞ்சிக்குச் சென்றது என்னும் உறவை இக்கதை மறவாமல் காத்துவைத்துள்ளது. பூவைச் சுமந்த கூடைக்குக் குடலை என்று பெயர். காஞ்சி வரதராசர் கோயில் மடைப்பள்ளியில் மந்தாரை இலை பரப்பிய மூங்கில் கூடையில் மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்த மாவை ஊற்றி அவிக்கும் இட்லியும் குடலை இட்லி என்றே வழங்கப்படுகிறது. பூவுக்கும் அன்னத்துக்கும் ஒரே கலம் பெயர் தந்திருப்பது தற்செயலாக இருக்கலாம். தொண்டை நாட்டுக் கோயில் வாழ்வில் இவ்விரண்டும் ஒரே வழியில் பயணம் செய்தவை என்பது தற்செயலன்று.

நம்பிகளைப் பற்றிய கதைகளுள் மிகவும் கூர்மையானது பூவைப் பற்றியதன்று, இலையைப் பற்றியது. நம்பிகள் அந்தணர் அல்லர். வணிகக் குடியினர் என்பது மரபு. அவரைத் தம் ஆசானாகக் கருதிய இராமானுசர், அவர் உண்ட மிச்சத்தை உண்ண விரும்பி அவரை அமுதுண்ண அழைத்தார். அவரை எதிர்கொள்ள இராமானுசர் ஒரு தெரு வழியே சென்றபோது நம்பிகள் வேறொரு தெரு வழியே வந்து, இராமானுசரின் மனைவி பரிமாற உண்டு திரும்பிவிட்டார். அம்மையார் இலையை அப்புறப்படுத்தி, உண்ட இடத்தைச் சாணமிட்டு மெழுகி, நீராடி, கணவருக்குப் புதிதாகச் சமைக்கத் தொடங்கினார். திரும்பி வந்த இராமானுசர் கண்டது மெழுகிய தரையைத்தான். இராமானுசரின் இல்லற வாழ்வு முறிந்ததற்கான காரணங்களுள் ஒன்றாகக் குருபரம்பரை நூல்கள் இதனைச் சுட்டுகின்றன. குற்றம் முழுவதையும் அம்மையார் மேல் ஏற்றிவிடுவது அந்நூல்களின் போக்கு. அவர் செய்தது அக்காலத்து அந்தண இல்லம் ஒவ்வொன்றும் அவரிடம் எதிர்பார்த்ததையே என்பதை நூல்கள் பேசுவதில்லை. நம்பிகள் வேறு தெருவில் வந்ததற்கும் கதை விளக்கம் தருவதில்லை. தம் மிச்சம் என்னவாகும் என்பதை அவர் முன்னரே அறிந்திருக்கக்கூடும் என்னும் வாசிப்புக்கு அங்கே இடமுண்டு.

அண்மையிலுள்ள திருமழிசையிலும் மிச்சமே கதையின் கரு. கைவிடப்பட்ட குழந்தையாக வளர்ந்த திருமழிசையாழ்வாருக்கு முதிய வேளாளத் தம்பதியர் நாள்தோறும் பால் கொண்டுவந்தனர். அவர் பருகி எஞ்சியதை உண்டு இளமை பெற்றனர். அவர்களுக்குப் பிறந்த மகனே கணிகண்ணன் என்பது வரலாறு. ஆழ்வார் வந்ததும் வேதமோதுவதை நிறுத்திய அந்தணர்கள் விட்ட அடியை மறந்து திகைத்தபோது, அவர் ஒரு கருநெல்லை நகத்தால் கீறி அதனை உணர்த்தினார் என்பது பெரும்புலியூரில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் மற்றொரு கதை. இவரும் காஞ்சிக்கே சென்று திருவெஃகாவில் தங்கியவர்.

சைவத்தின் பக்கத்தில், திருவேற்காட்டு மூர்க்க நாயனாரைக் காண்கிறோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் வரலாற்றைப் பாடிய சேக்கிழார் பக்கத்து ஊரான குன்றத்தூரைச் சேர்ந்தவர். அடியார்களுக்கு அமுதளித்துச் செல்வம் இழந்த நாயனார் சூதாடிப் பொருள் ஈட்டினார், வென்ற பொருளைத் தாம் கொள்ளாமல் சமைப்பவர் கையில் சேர்ப்பித்தார், கடைப்பந்தியில் உண்டார். சொந்த ஊரில் அவரோடு சூதாட ஆளில்லாமற்போகவே குடந்தைக்குப் பெயர்ந்தார். பசி தீர்க்கும் பொருள் எவ்வழியில் வந்தது என்பதைவிட, அளிப்பவர் எந்தப் பந்தியில் அமர்ந்தார் என்பதில் சேக்கிழாருக்கு அக்கறை மிகுதி.

பாதையை அடைத்தவர்கள்

1639இல் ஆங்கிலேயர் சென்னைக் கடற்கரையில் இடம் பெற்றபோது, தாமர்ல வேங்கடப்பரின் தம்பி அய்யப்பர் பூவிருந்தவல்லியில் இருந்து இப்பகுதியைக் கவனித்துவந்தார். பின்னர்க் கோல்கொண்டா ஆட்சியிலும் முகலாயர் ஆட்சியிலும் இவ்வூர் அதிகார மையமாகத் தொடர்ந்தது. கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு அரிசியும் காய்கறியும் விறகும் உள்நாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தன. ஆகவே மேற்கே ஆள்பவர் வழியை மறித்தால் போதும், முற்றுகைக்குப் பீரங்கி வேண்டியதில்லை. 1702இல் நவாபு தாவூத் கான் பிப்ரவரி முதல் மே வரை சென்னைக்கு வரும் பொருள்களைத் தடுத்து நிறுத்தினார். ஆங்கிலேயர் பணம் கொடுத்த பிறகே வழி திறந்தது.

1763இல் ஆர்க்காட்டு நவாபு செங்கல்பட்டுப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1767க்கும் 1774க்கும் இடையே தாமஸ் பர்னார்டு ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து தொகுத்த கணக்குகள் களத்துமேட்டின் காட்சியைத் தருகின்றன. நெல்லை அரசுக்கும் குடிகளுக்கும் பங்கிடுமுன்பே கோயிலுக்கும் கணக்கருக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் நாவிதருக்கும் வண்ணாருக்கும் எனத் தனித்தனி அளவு ஒதுக்கப்பட்டது. மேரை, சுதந்திரம் என்பன அவ்வொதுக்கீட்டின் பெயர்கள். தரம்பாலும் அவரைத் தொடர்ந்து ஜிதேந்திர பஜாஜ், எம்.டி. ஸ்ரீநிவாஸ் ஆகியோரும் இக்கணக்குகளைப் பகுத்துண்ணும் சமூகத்தின் சான்றாக வாசித்தனர். அவ்வாசிப்பில் உண்மை உண்டு. ஆயினும் அது பாதி உண்மையே. பங்கு யாவர்க்கும் உரியது என்று காட்டும் அதே கணக்கு, யாருக்கு எவ்வளவு என்பதையும் நிலைநிறுத்தியது. நம்பிகளின் இலையைச் சூழ்ந்த அதே ஒழுங்கு இங்கே மரக்காலிலும் படியிலும் எழுதப்பட்டுள்ளது. ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் வார்க்கப்படும் கேழ்வரகுக் கூழை இதற்கு மாறானதாகச் சிலர் கருதுவர். கூழுக்கு இலை இல்லை, பந்தி இல்லை. கலம் ஏந்தியவருக்கெல்லாம் வார்க்கப்படுகிறது. எனினும் தெருவுக்கொரு கொப்பரை இருப்பதையும் உடன் நோக்க வேண்டும்.

நீரும் சந்தையும்

இவ்வட்டாரத்து வயல்களுக்குப் பாய்ந்த செம்பரம்பாக்கம் ஏரி 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவுடையது. இன்று அது முதன்மையாகச் சென்னையின் குடிநீர் ஏரி. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2007இல் இயங்கத் தொடங்கியது. முன்பு நெல்லாகி நகருக்குச் சென்ற நீர் இப்போது நீராகவே செல்கிறது. நெல்லாகச் சென்றபோது களத்தில் தச்சரும் வண்ணாரும் தம் பங்கை அளந்துகொண்டனர். குழாயில் செல்வதற்கு அத்தகைய அளவைகள் இல்லை.

சந்தையும் இதே வழியில் மேற்கு நோக்கி நகர்ந்தது. ஜார்ஜ் டவுன் கொத்தவால் சாவடியிலிருந்த மொத்தக் காய்கறி வணிகம் 1996இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. 2020 மே மாதம் கொரோனா பரவியதால் கோயம்பேடு மூடப்பட்டபோது, காய்கறிச் சந்தை மேலும் மேற்கே சென்று திருமழிசையில் திறந்தவெளியில் தற்காலிகக் கடைகளாக அமைந்தது. சென்னை முழுவதற்குமான காய்கறி சில மாதங்கள் ஆழ்வாரின் ஊரில் இறங்கி ஏறியது. அங்கே கூரையும் வடிகாலும் போதுமானவையாக இல்லை. மழை பெய்த நாள்களில் நீர் தேங்கிச் சேறான மைதானத்தில் மூட்டைகள் நனைந்தன. காய்கள் அழுகி வீணாயின. செப்டம்பர் இறுதியில் காய்கறி வணிகம் கோயம்பேட்டுக்குத் திரும்பியது. பூக்கடைகளுக்கும் பழக்கடைகளுக்கும் மாதவரத்தில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பூவைப் பெயரிலேயே கொண்ட ஊருக்குப் பூச்சந்தை ஒதுக்கப்படவில்லை.