புகைக்கும் ஓர் ஆஸ்கர்!

கோபாலபுரத்திலிருந்து பொடிநடையாகப் போனால் ஜெமினி மேம்பாலம். எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டூடியோ அங்கேதான் இருந்தது. அந்தக் கால சினிமாவில் தேவலோகம் என்றால், தணலில் சாம்பிராணி போடுவார்கள். நாரதர் 'நாராயணா' சொல்வதற்குள் இருமல் முந்திக்கொள்ளும்! அப்புறம் எண்ணெய்ப் புகை. அதுவும் நெஞ்சுக்கு ஆகாது.

1985-ல் தொழில்நுட்ப ஆஸ்கர்களில் ஒன்று, நச்சில்லாத புகைத் திரவம் தயாரித்த ரோஸ்கோ நிறுவனத்துக்குப் போனது. சூட்சுமம் ரொம்ப சிம்பிள். தண்ணீரும் கிளைக்காலும் கலந்த திரவம் சூடேறி ஆவியாகும். வெளிக்காற்று பட்டதும் பனித்துளியாக மிதக்கும்.

'அட, கிளிசரினில் தண்ணீர் கலந்து நாமே செய்யலாமே!' என்கிறீர்களா? செய்கிறவர்கள் உண்டு. ஆனால், சூடு எல்லை மீறினால் கிளிசரின் அக்ரோலினாக மாறி, கண்ணும் தொண்டையும் எரியும். தேவலோகம் காட்டப்போய், நிஜமாகவே அங்கே அனுப்பிவிடக் கூடாதில்லையா?