1429: உழுதவர் ஒருபுறம், காணியாளர் மறுபுறம்
(விருத்தாசலம் கல்வெட்டை முன்வைத்து ஒரு மறுப்பு)

இடைக்காலத் தென்னிந்தியாவைப் பற்றி 1980-இல் பர்ட்டன் ஸ்டெயின் வெளியிட்ட நூலின் கூறாக்க அரசுக் கோட்பாடு பலராலும் மறுக்கப்பட்டது. அக்கோட்பாட்டைத் தாங்கி நின்ற இன்னொரு கருத்து, பிராமணரும் வேளாண் குடிகளும் கொண்டிருந்த கூட்டுறவு, அந்த அளவுக்குச் சோதிக்கப்படவில்லை. பிராமணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊர், வேளாண் ஊர்களின் இசைவோடு நிலைபெற்றது என்பது ஸ்டெயின் வாதம். சோழர் ஆட்சியின் தொடக்கக் காலத்துக்கு இது ஓரளவு பொருந்தலாம். ஆனால் ‘வேளாண் குடி’ என்ற ஒரே பெயருக்குள் நிலத்தை உடைய வேளாளரையும் அதில் இறங்கி உழுதவரையும் அவர் சேர்த்து வைக்கிறார். அப்படிச் சேர்த்தபின் உழவர் எதிர்ப்பு அவர் கண்ணில் படுவதற்கு வழியே இல்லை. வலங்கை, இடங்கை என்ற இரு சாதித் தொகுதிகளையும் அவர் நிலையான அமைப்புகளாகக் கொள்ளாமல், தேவை எழும்போது திரளக்கூடிய கூட்டங்களாகவே கண்டார். எந்தத் தேவைக்காக, யாரை எதிர்த்துத் திரண்டார்கள் என்ற கேள்விதான் முதன்மையானது.

அக்கேள்விக்கு விடை சொல்பவை சக ஆண்டு 1351, சௌமிய ஆண்டில், அதாவது 1429-இல், விசயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள். விருத்தாசலம், கொறுக்கை, திருவைகாவூர், எலவானாசூர் முதலிய ஊர்களில் இவை கிடைக்கின்றன. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் 1983-இல் வெளியான கட்டுரையில் இவற்றை ஒருசேர ஆராய்ந்தனர்.

இவற்றுள் விருத்தாசலம் கல்வெட்டை நிறுத்தி வாசிக்க வேண்டும். வலங்கையின் தொண்ணூற்றெட்டுப் பிரிவினரும் இடங்கையின் தொண்ணூற்றெட்டுப் பிரிவினரும் கூடி எடுத்த முடிவு அது. அரசு அதிகாரிகளும் நில வருவாயைச் சீவிதமாகப் பெற்ற சீவிதக்காரரும் தங்களை ஒடுக்குகிறார்கள், நிலவுரிமை உடைய காணியாளரும் பிராமணரும் அரசு வரியான இராசகரத்தைத் தண்டுகிறார்கள் என்று முறையிட்டுவிட்டு, அது தடைகளை அடுக்குகிறது. இவர்களுக்கு யாரும் இடம் கொடுக்கக் கூடாது. கணக்கு எழுதிக் கொடுக்கக் கூடாது. இவர்கள் சொல்வதற்கு உடன்படக் கூடாது. மீறியவன் நாட்டுக்குத் துரோகி. அவனுக்குக் குத்திக் கொல்வதே தண்டனை.

கணக்கெழுதும் கையைத் தடுத்தால் வரி விதிப்பே நின்றுபோகும் என்பதை இவர்கள் அறிந்திருந்தார்கள். ஆத்திரத்தில் எழுந்த கலகத்தின் குரலாக இதைக் கொள்ள முடியாது. ஆட்சி எந்த வழியாகத் தங்கள் களத்துமேட்டுக்கு வந்து சேர்கிறது என்று கண்டறிந்தவர்களின் திட்டம் இது. அதைவிட முக்கியமானது எதிராளிகளின் வரிசை. அதிகாரி, சீவிதக்காரர், காணியாளர், பிராமணர் ஆகிய நால்வரும் ஒரே பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஸ்டெயின் சொன்ன கூட்டுறவு இங்கேயும் இருக்கிறது. ஆனால் அது உழுதவனுக்கு எதிரான கூட்டுறவு.

இது வெறும் வரி எதிர்ப்பு, நிலவுறவோடு தொடர்பற்றது என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் காணியாளரே இராசகரத்தைத் தண்டும் இடத்தில் வரியும் வாரமும் உழவனுக்கு ஒரே கையிலிருந்து வரும் சுமைதான். கொறுக்கைக் கல்வெட்டு இதே செய்தியை வேறு விதமாகச் சொல்கிறது. விளைவுக்குத் தக்கபடி இல்லாமல் அநியாயமாக வரி விதித்ததால் ஊரை விட்டு ஓட இருந்தோம். மண்டலத்தார் ஒன்றுபடாததால்தான் இந்த நிலை என உணர்ந்தோம். இனி விளைவுக்கேற்ற நியாயமானதையே கொடுப்போம் என்கிறது அது. விருத்தாசலம் ஆணையிடுகிறது, கொறுக்கை காரணம் சொல்கிறது. ஓடிப்போவதை முதல் வழியாக எண்ணியவர்கள் காணி இல்லாதவர்களாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் வாதம். காணி உடையவன் ஊரை விட்டால் உரிமையையே இழப்பான். இதற்கு நேரடிச் சான்று கல்லில் இல்லை. இவ்விரு பிரிவுகளிலும் நெசவாளரும் வணிகரும் கைவினைஞரும் இருந்ததையும் மறுக்க முடியாது. ஆனாலும் ‘விளைவுக்கேற்ப’ என்ற கோரிக்கை வயலிலிருந்து எழுந்ததே அன்றி, தறியிலிருந்து எழுந்ததன்று.

கால வரிசைதான் சிக்கலானது. இக்கல்வெட்டுத் தொகுதி துன்பத்தின் தொடக்கத்தைக் கன்னடியர் காலத்தில் வைக்கிறது. அவர்கள் 13-ஆம் நூற்றாண்டில் கண்ணனூரில் தங்கி ஆண்ட போசளரா, 14-ஆம் நூற்றாண்டில் குமார கம்பணனோடு வந்த விசயநகரத்தாரா? இரண்டாவதே பொருந்தும் என்று கருதுகிறேன். ஆனால் போசளரை விலக்கிவிட இச்சான்று போதாது. ஒற்றுமைக்கான முயற்சியும் 1429-இல் திடீரென்று பிறந்ததன்று. மூன்றாம் குலோத்துங்கனின் 40-ஆம் ஆட்சியாண்டில், 1218-இல், ஊட்டத்தூரில் இடங்கையார் ஒரு தாய் மக்கள்போல் நடப்பதாக உடன்படிக்கை செய்திருந்தனர். அது இடங்கைக்குள் மட்டும் அமைந்த ஒப்பந்தம். இரு கைகளும் ஒன்றாக நின்றதே 1429-இன் புதுமை.

அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. பின்னாளில் இரு பிரிவுகளும் தமக்குள் மோதியதை அனைவரும் அறிவர். தற்காலிகத் திரட்சி என்ற ஸ்டெயின் கருத்து இதனால் வலுப்பெறுவதாகத் தோன்றலாம். ஆனால் நீடித்ததா என்பதைக் கொண்டு ஓர் இயக்கத்தின் பொருளை அளக்க முடியாது. விளைவை அளவுகோலாக வைத்து நியாயமான வாரத்தைச் சட்டம் வரையறுக்க 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அச்சட்டத்துக்கும் இக்கல்வெட்டுகளுக்கும் நேர்க்கோடு இழுக்க நான் முயலவில்லை. ஆனால் 1429-இலேயே நியாயம் என்பதை உழவர் தங்கள் வாயாலேயே வரையறுத்து, கோயில் சுவரில் பதிய வைத்தார்கள். அவர்களைக் காணியாளரோடு ஒரே பெயரில் சேர்த்து எழுதும் வரலாறு திருத்தப்பட வேண்டும்.