ஜிடிகே பிறந்த கதை

திருப்பூரில் பின்னலாடைத் துணிக்கு மீட்டர் கணக்கு இல்லை, கிலோ கணக்குதான். நிட்டிங் கூலி கிலோவுக்கு, சாயக்கூலியும் கிலோவுக்கு. மெஷினிலிருந்து இறங்கிய ரோலை எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்து, டிசி என்ற டெலிவரி சலான் போட்டு வேனில் ஏற்றினால்தான் அது அடுத்த யூனிட்டுக்குப் போகும். அந்தத் தராசைச் சீரியல் கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்து, எடையைத் தானே வாங்கி டிசி அச்சிடும் சின்ன மென்பொருள் ஒன்றை பைத்தானிலும், பட்டன், மெனு தரும் ஜிடிகே 3 என்ற டூல்கிட்டிலும் ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்டோ திறக்கும்; உள்ளே ஒன்றும் இருக்காது. அதைச் சரிசெய்து 'எடை எடு' பட்டனை அழுத்தினால் திரை அப்படியே உறைந்து நிற்கும். டெர்மினலில் எச்சரிக்கைகள் வரிவரியாகக் கொட்டும். ஜிடிகேயைத் தொட்ட எல்லோருக்கும் வரும் தொல்லைகள் இவை. அது பிறந்த விதம் தெரிந்தால் இவற்றின் காரணமும் பிடிபடும்.

1995. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் கம்பைலர் பாடத்துக்கான ப்ராஜெக்டைக் கைவிட்டு, படங்களைத் திருத்தும் மென்பொருள் ஒன்றை எழுத ஆரம்பித்தார்கள். அதுதான் கிம்ப். 1996 தொடக்கத்தில் வந்த 0.54 பதிப்பின் பட்டன், மெனு எல்லாம் மோட்டிஃப் என்ற விட்ஜெட் டூல்கிட்டால் ஆனவை. மோட்டிஃப் அப்போது காசு கொடுத்து வாங்கவேண்டிய சரக்கு. கிம்ப்பின் மூலநிரல் இலவசம்தான், ஆனால் அதைத் தானே கம்பைல் செய்ய நினைப்பவர் மோட்டிஃபுக்குப் பணம் கட்டவேண்டியிருந்தது. மோட்டிஃபோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போன மேட்டிஸ், பட்டனையும் மெனுவையும் தானே எழுதிவிட்டார். கிம்ப் டூல்கிட் என்பதன் சுருக்கம்தான் ஜிடிகே. ஒரே ஒரு மென்பொருளின் அவசரத் தேவைக்காகப் பிறந்த பொருள் அது. டெஸ்க்டாப் ஒன்றை உருவாக்க 1997-இல் தொடங்கிய க்னோம் திட்டம் அதை எடுத்துக்கொண்டது. 1998 ஏப்ரலில் 1.0 வெளியானது. எல்ஜிபிஎல் உரிமம் என்பதால் நிட்டிங் ஷெட்டுக்கு மென்பொருள் எழுதி விற்பவரும் யாருக்கும் ராயல்டி தரவேண்டியதில்லை.

ஜிடிகே எழுதப்பட்ட மொழி சி. சியில் ஆப்ஜெக்ட் கிடையாது. அதனால் ஜிடிகேயை எழுதியவர்களே ஓர் ஆப்ஜெக்ட் அமைப்பைக் கட்டினார்கள். 'இது நிஜமாகவே விட்ஜெட்தானா' என்ற சோதனை நிரல் ஓடும்போதுதான் நடக்கும். மூடிவிட்ட விண்டோவின் லேபிளில் எடையை எழுதப்போனால், 'அசர்ஷன் ஃபெயில்ட்' என்று ஒரு வரி வரலாம். மென்பொருளோ ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மௌனம்தான் ஆபத்து. ஐம்பது வரி வந்தாலும் முதல் வரியைத்தான் பார்க்கவேண்டும். ஜி_டீபக் என்ற சூழல் மாறியில் ஃபேட்டல்-வார்னிங்ஸ் என்று கொடுத்தால், முதல் எச்சரிக்கையிலேயே நிரல் நின்றுவிடும். டீபக்கரில் இடத்தைப் பிடித்துவிடலாம்.

திரை உறைவதற்குக் காரணம் வேறு. மவுஸ் கிளிக், கீபோர்டு, திரை வரைதல் எல்லாவற்றையும் ஒரே லூப்தான் கவனிக்கிறது. செக்கிங் மேசையில் இருக்கும் ஒரே ஆளை டீ வாங்க அனுப்பிவிட்டால் பீஸ் குவியத்தானே செய்யும்? தராசின் பதிலுக்காக லூப்பைக் காக்கவைத்தால் அதே கதைதான். கிம்ப்பில் ப்ளக்-இன்கள் தனி ப்ராசஸாக ஓடுகின்றன. நம் தராசு மென்பொருளுக்கு ஒரு த்ரெட் போதும். ஆனால் அந்த த்ரெட் விட்ஜெட்டைத் தொடவே கூடாது. எடையை 'ஐடில் ஆட்' வழியாக லூப்பிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கவேண்டும். லினக்ஸில் இதைவிடச் சுலபம்: போர்ட்டைக் கவனிக்கும் வேலையை லூப்பிடமே ஒப்படைத்துவிடலாம். ஒன்று மட்டும், 22.450 என்ற எடை ஒரே மூச்சில் வந்துசேரும் என்று நம்பக்கூடாது. முதலில் 22.4 வந்து மீதி பிறகு வரலாம். வரி முடியும்வரை சேர்த்துவைக்காமல் டிசி போட்டால் நஷ்டம் நிட்டிங்காரருக்கு.

வெற்று விண்டோ சின்ன விஷயம். 'ஷோ' என்று சொல்லும்வரை விட்ஜெட்டுகள் மறைந்தே இருக்கும் என்ற பழக்கம் ஜிடிகே 3 வரை இருந்தது. ஜிடிகே 4-இல் தலைகீழாக மாற்றிவிட்டார்கள்.

தமிழ் தாமதமாகத்தான் வந்தது. பழைய ஜிடிகேயில் ஒரு குறியீட்டுக்கு ஓர் உருவம் என்பதுதான் கணக்கு. யூனிகோடில் ஒகர உயிர்மெய்யின் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்கவேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ஓவன் டெய்லரும் ராஃப் லெவியனும் தொடங்கிய, எழுத்துகளை அமைத்துத் தரும் பாங்கோ நூலகத்தைச் சேர்த்துக்கொண்டு 2002 மார்ச்சில் ஜிடிகே 2.0 வந்த பிறகுதான் இது சரியானது. இன்று எழுத்து உடைவதில்லை; இடம்தான் போதாமல் போகலாம். ஆங்கில லேபிளை மனதில் வைத்து பட்டன்களைப் பிக்சல் கணக்கில் அடுக்கியவரின் திரையில் 'சரக்கு அனுப்பும் முகவரி' பக்கத்துப் பட்டனோடு மோதலாம். அகலத்தையும் இடத்தையும் டூல்கிட்டே அளந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவதுதான் சரி. எங்கே இடிக்கிறது என்று பார்க்க, 2014-இல் 3.14 பதிப்போடு வந்த இன்ஸ்பெக்டர் என்ற கருவி இருக்கிறது.

மோட்டிஃப் 2012-இல் எல்ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது; அதற்குள் அதைத் தேடுவார் குறைந்துவிட்டார்கள். ஜிடிகே 4.0 வந்தது 2020 டிசம்பரில். யாருக்காக ஜிடிகே பிறந்ததோ அந்த கிம்ப், ஜிடிகே 3-க்கு மாறியதே 2025 மார்ச்சில் வெளியான 3.0 பதிப்பில்தான்.