உப்புக் கணக்கரின் ஒரே இரவு

இந்த வாரம் இயக்குநர் ஸ்ரீதரின் முதல் நாடகம் மேடையேறிய கதையைச் சொல்வதாக வாக்கு. ஆனால் ஸ்ரீதரைக் கைதூக்கிவிட்ட நாடகக் கலைஞர் ஔவை டி.கே. சண்முகத்தைத் தொட்டுவிட்டு, அவருடைய குருவைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. குரு நம் தூத்துக்குடிச் சீமைக்காரர் ஆயிற்றே!

காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். 24 வயதில் அதை உதறிவிட்டு நாடகத்துக்குப் போனார். எமனாகவும் சனீஸ்வரனாகவும் அவர் மேடைக்கு வந்தால் கூட்டம் நடுங்குமாம். பிறகு வேஷத்தை விட்டு வாத்தியாரானார். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' எல்லாம் அவர் கை வண்ணம். தென்மாவட்டத் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' இன்றும் விடிய விடிய நடக்கிறது. தமிழ் நாடகத்தில் முதலிடம் யாருக்கு என்று கேட்டால், இன்னொரு நாடகாசிரியரான பம்மல் சம்பந்த முதலியாரின் ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, என் ஓட்டு சுவாமிகளுக்கே.

1918இல் மதுரையில் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில், அண்ணன்மாரோடு வந்து சேர்ந்த சண்முகத்துக்கு வயது ஆறு. அந்தப் பொடியன் நடிப்பதற்கென்றே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி'யை எழுதினார். பாட்டும் வசனமுமாக முழு நாடகம், ஒரே இரவில், அடித்தல் திருத்தல் இல்லாமல்! ஒரு சிறுவனுக்காகக் கண்விழித்த மனுஷன் அவர். 1922இல் மறைந்தார்.

பட்ட கடனைச் சண்முகம் வேறொரு பையனிடம் தீர்த்தார். மதுராந்தகத்துப் பக்கம் சித்தாமூரில் பிறந்த ஸ்ரீதருக்கு அப்போது பெயரும் இல்லை, பின்புலமும் இல்லை. அவர் எழுதிய 'ரத்தபாசம்' நாடகத்தைச் சண்முகத்தின் குழுவான டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றினார்கள். 1954இல் அது படமாகவும் வந்தது. கதை, வசனம் ஸ்ரீதர், வயது 21. அதே ஆண்டு சிவாஜி நடித்த 'எதிர்பாராதது' படத்துக்கும் அவரே எழுதினார்.

எழுத வருகிறவனிடம் நல்ல வார்த்தை சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. தன் கம்பெனியின் காசையும் பெயரையும் அவன் எழுத்தின் மேல் பணயம் வைத்தவர் சண்முகம். தமிழ்த் திரைக்கதை வரலாற்றில் அவருக்கு ஓர் அத்தியாயம் தராதவர்கள் நன்றி கெட்டவர்கள்.

ஸ்ரீதரின் 1959ஆம் ஆண்டுப் படமான 'கல்யாணப் பரிசு' அடுத்த வாரம். அப்போது சுவாமிகளைக் குறுக்கே வரவிடமாட்டேன்.